தெரியுதா மணியண்ணே?

மாசி கடைசியில் ஹட்டனில் ஒரு கல்யாணம். பெண் என்னிடம் படித்த பிள்ளை. தாலி கட்டி முடிந்ததும் ஐயர் இரண்டு பேரையும் மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். அருந்ததி பார்க்க.

நேரம் காலை பத்தே முக்கால்!

நல்ல வெயில். ஐயர் எதிரே இருந்த ஹார்ட்வெயார் கடையின் மொட்டை மாடிக்கு மேலே விரலை நீட்டி, “அருந்ததி தெரியுதா?” என்றார். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “தெரியுது” என்றார். பெண்ணும் “தெரியுது” என்றாள். பின்னால் நின்ற நாங்கள் இருபது பேரும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினோம். “எங்கே?” என்று ஒருவர் கேட்கவில்லை.

மொய்க் கவரைக் கொடுக்கும்போது பெண்ணின் காதில் கேட்டேன். “உண்மையைச் சொல்லு. என்ன பார்த்த?”

“வீடியோ அண்ணன் கையைத் தூக்கி இங்க பாருங்கன்னாரு டீச்சர். அவரைத்தான் பார்த்தேன்.”

சிரித்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் “தெரியுது” என்று சொன்னவள்தானே? அதுவும் பகல் பன்னிரண்டு மணிக்கு. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் கூசாமல் “தெரியுது” என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியமே ஒரு பொய்தான். அதனால்தானோ என்னவோ, அதற்குப் பிறகு எல்லாம் ஒற்றுமையாக ஓடுகிறது.

அன்றே முடிவு செய்தேன். பங்குனி மாதம் முழுக்க, தினமும் ராத்திரி வானம் பார்ப்பது. அருந்ததியை நேரில் பார்க்காமல் விடுவதில்லை.

பேப்பரில் வாரா வாரம் இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் முடிவுகளைப் பற்றித் தெரியும். யோகா — பதினொரு நாள். தினமும் ஒரு சிங்களப் பேப்பர் வாசிப்பது — மூன்று நாள். மாடிப்படி ஏறி இறங்குவது… வீட்டில் மாடி இல்லை என்பதால் அது தொடங்கவே இல்லை.

ஆனால் வானம் பார்ப்பதற்கு உடம்பை வளைக்க வேண்டியதில்லை. நாற்காலி போதும். எங்கள் வட்டவளைப் பக்கம் வருஷத்தில் முக்கால்வாசி மழை. குடை காய்கிற மாதம் என்றால் மாசியும் பங்குனியும்தான். அதை விட்டால் பிறகு வானம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்.

எங்கள் வீடு வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். நான் ஹட்டனில் டீச்சர். வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன வெளி. அதில் ஒரு வெள்ளை டொல்பின் வேன் நிற்கும். எங்களுடையது இல்லை, மணியண்ணனுடையது. அவர் இருக்கிற லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வேன் போகிற மாதிரிப் பாதை கிடையாது. அதனால் பத்து வருஷமாக ராத்திரியில் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பதினாலு பேரையும் என்னையும் காலையில் ஹட்டனில் இறக்கி, மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறவர் அவர்தான்.

மணியண்ணனை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்கழியில் இதே இடத்தில் அவரைப் பற்றி எழுதியிருந்தேன். வேனில் அவர் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார். முன் சீட்டில் உட்காருகிற பிள்ளை, எதிரே வருகிற வாகனம் என்ன என்று முந்திச் சொல்ல வேண்டும். பஸ்ஸா, லொறியா, த்ரீவீலா? சரியாகச் சொன்னால் ஒரு டொபி. ‘பிள்ளைகளின் கையில் போனைத் திணிக்கிற காலத்தில், கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்க்கச் சொல்லித் தருகிற மனிதர்’ என்று உருகி உருகி எழுதியிருந்தேன். நிறையப் பேர் பாராட்டி மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள்.

அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி ஒன்று. ராத்திரி ஏழரை. நான் ஸ்வெட்டர் போட்டு, சால்வை போர்த்தி, நாற்காலியில் உட்கார்ந்தேன். போனில் வானம் காட்டுகிற ஆப் ஒன்று இறக்கி வைத்திருந்தேன். போனை எந்தப் பக்கம் தூக்கினாலும் அங்கே என்ன இருக்கிறது என்று பேர் சொல்லும். மணியண்ணன் வழக்கம்போல வேனின் முன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் அரைமணி நேரம் துடைப்பார்.

“என்னங்க டீச்சர், பனியில உக்காந்திருக்கீங்க?”

“நட்சத்திரம் பார்க்கிறேன் அண்ணே.”

“நல்ல நாளா பார்க்கிறீங்க?”

“இல்லைங்க. நட்சத்திரத்தையே பார்க்கிறேன்.”

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் ‘நான் ஒன்றும் சொல்வதற்கில்லை’ என்பதுபோல் கையை விரித்தார்.

அன்று ஆப் ஒரு செவ்வொளி நட்சத்திரத்தைக் காட்டி, ‘திருவாதிரை’ என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் நட்சத்திரம்! ஐம்பத்து மூன்று வருஷமாகக் கோயில் கோயிலாக அர்ச்சனைத் தட்டோடு சொல்லி வருகிற பேர். ஒரு நாள்கூட அது எப்படி இருக்கும் என்று தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்ததும் அதை வைத்துத்தான். முகம் தெரியாத ஒருவரிடம் ஜாமீன் வாங்கி வாழ்ந்திருக்கிறேன்.

“உங்க நட்சத்திரம் என்ன அண்ணே?”

“கார்த்திகைங்க.”

மேற்கே, மலைக்கு மேல் காட்டினேன். “அந்தா, சின்னக் கொத்து மாதிரி.”

மணியண்ணன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். “தெரியுதுங்க டீச்சர். பளபளன்னு நல்லா தெரியுது. பெரிசா ஒண்ணு.”

“ஒண்ணா? ஆறு இருக்கணுமே.”

“ஆமா ஆமா, ஆறுதான். நான் மொத்தமா சேர்த்துச் சொன்னேன்.”

நானும் விட்டுவிட்டேன். பரீட்சைத் தாள் திருத்துகிறபோது இப்படி ஒரு பதில் வந்தால் விடுவேனா?

அதிலிருந்து தினமும் மூன்று பேர். நான் நாற்காலியில், வீட்டுக்காரர் பாலில்லாத பிளேன்டீயோடு வாசற்படியில், மணியண்ணன் கண்ணாடி துடைத்துக்கொண்டு. “எவ்வளவு துடைச்சாலும் மங்கலாவே இருக்குங்க. பழைய கண்ணாடி” என்று சொல்லிக்கொள்வார். அமைதியான நாட்கள். தூரத்தில் சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற பாதை விளக்குகள் ஒரு கோடாகத் தெரியும். தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து தேயிலை வாடுகிற வாசம் வரும். யாரும் பெரிதாகப் பேசமாட்டோம். பேசாமல் உட்கார்ந்திருக்க ஒரு காரணம் கிடைத்ததே பெரிய விஷயம்.

ஒரு வாரத்தில் ஒன்று கண்டுபிடித்தேன். நட்சத்திரங்கள் தினமும் நாலு நிமிஷம் முந்தியே வருகின்றன. இன்றைக்கு ஏழரைக்கு இருந்த இடத்துக்கு, நாளைக்கு ஏழு இருபத்தாறுக்கே வந்துவிடுகின்றன. இருபத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் உட்காருகிறேன். இப்படி முந்தி வருகிற ஒரு ஆளை நான் பார்த்ததில்லை — என்னையும் சேர்த்து.

எல்லாம் சரி. அருந்ததி?

அதுதான் இல்லை. சப்தரிஷிகள் ஏழு பேரில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருப்பவள் அருந்ததி. சப்தரிஷிகள் வடகிழக்கில், சவுக்கு மரம் நிற்கிற மலைக்குப் பின்னால் இருந்துதான் ஏற வேண்டும். முன்னால் நாலு பேர் ஏறிவிட்டார்கள். வால் பக்கம் இருக்கிற வசிஷ்டரும் அவர் சம்சாரமும் மலைக்குப் பின்னால். ஒன்பதரை மணிக்கு வெளியே வந்தால் தெரியும் என்றது ஆப். நானோ நாலரைக்கு எழும்புகிறவள். எட்டரைக்கு மேல் என்னை யாரும் விழித்த நிலையில் பார்த்ததில்லை.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பத்தி அனுப்ப வேண்டிய நாள். அதற்கு முந்தின வாரமே ‘அருந்ததியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதித் தொலைத்திருந்தேன். வாசகர்கள் காத்திருக்கிறார்கள். என்ன செய்ய?

எழுதினேன். ‘பார்த்துவிட்டேன்!’ என்று எழுதினேன். ‘கணவனின் தோளில் சாய்ந்த மனைவிபோல’ என்று உவமை வேறு.

ஆமாம், பொய். பங்குனி இரண்டாம் வாரம் நீங்கள் இங்கே வாசித்தது பொய். உங்களில் பலர் வாழ்த்து அனுப்பினீர்கள். ஒருவர், ‘நானும் அன்றைக்கே பார்த்தேன்’ என்றுகூட எழுதியிருந்தார். அன்று நாடு முழுக்க மேகம்.

நாலாம் வாரம். தினமும் நாலு நாலு நிமிஷமாக ஏறி, கடைசியில் வசிஷ்டர் எட்டு மணிக்கே சவுக்கு மரங்களுக்கு மேலே வந்து நின்றார். பள்ளிக்கூடம் புதுவருஷ லீவு விட இன்னும் நாலு நாள். நான் பார்த்தேன். ஒரு நட்சத்திரம். எப்படிப் பார்த்தாலும் ஒன்று.

வீட்டுக்காரர் படியில் இருந்தபடியே, “ரெண்டு இருக்கே” என்றார்.

“எங்கே ரெண்டு?”

“ஒட்டினாப்ல சின்னதா ஒண்ணு இருக்கு பாரு.”

எனக்கு எரிச்சல். இவருக்கு மட்டும் எப்படித் தெரியலாம்? என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். குனிந்து மூக்கைத் துடைத்தேன். ஒரு ஆள் துணைக்கு வேண்டும் போலிருந்தது. குனிந்தபடியே, “மணியண்ணே, மலைக்கு மேல பாருங்க. உங்களுக்கு ரெண்டு தெரியுதா?” என்று கேட்டேன்.

“தெரியுதுங்க டீச்சர். ரெண்டும் தெரியுது. பெரிசும் சின்னதும்.”

நிமிர்ந்தேன்.

மலையே இல்லை. நான் மூக்கைத் துடைத்த நேரத்தில் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி, சவுக்கு மரம், மலை, சப்தரிஷி எல்லாவற்றையும் மூடியிருந்தது. வடக்குப் பக்கம் முழுக்க வெள்ளை. மணியண்ணன் அந்த வெள்ளையைப் பார்த்து, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றார்.

எனக்குள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. ஆறாக இருக்க வேண்டிய கார்த்திகை ஒன்றாகத் தெரிந்தது. எவ்வளவு துடைத்தாலும் தெளியாத கண்ணாடி. ராத்திரியில் வாடகைக்கு ஹயர் போவதை அவர் நிறுத்தியது. வளைவுக்கு வளைவு முன்பைவிட நீளமாக அடிக்கிற ஹோர்ன்.

பிறகு அந்த விளையாட்டு. பஸ்ஸா, லொறியா, த்ரீவீலா?

டொபி கொடுத்து அவர் வாங்கிக்கொண்டிருந்தது பிள்ளைகளின் கண்ணை. அதைத்தான் நான் உருகி உருகி எழுதியிருக்கிறேன். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு!

 நாளைக் காலை ஆறேகாலுக்கு இதே மூட்டத்தில், இதே வேனில், பதினாலு பிள்ளைகள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். சத்தம் போடலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்லிச் சத்தம் போடுவது? ஏன் பொய் சொன்னீர்கள் என்றா? அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

அதனால் வேறு ஒன்று சொன்னேன். “அண்ணே, எனக்கு அருந்ததி தெரியல. இன்னைக்கும் தெரியல, ரெண்டு வாரத்துக்கு முந்தியும் தெரியல. பேப்பர்ல எழுதினது பொய்.”

மணியண்ணனின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. கையிலிருந்த துணியை மடித்தார். திரும்பவும் விரித்து மடித்தார்.

“வேன் கண்ணாடி சுத்தமாத்தாங்க இருக்கு டீச்சர்” என்றார்.



“எப்ப இருந்து அண்ணே?”

“தீபாவளிக்கு முந்தியே. மொதல்ல ராத்திரி லைட்டு எல்லாம் வட்டம் வட்டமா விரிஞ்சுச்சு. பொறவு பகல்லயும் புகை மாதிரி. பழகின ரோடுங்க, கை தானா திரும்பும். ஆனா எதுத்தாப்ல வர்றது…”

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“போனா ஆபரேசன்னு சொல்லுவாங்க. அதுக்குப் பயமில்லைங்க. வேன்காரனுக்குக் கண்ணு சரியில்லன்னு ஒருக்கா பேரு வந்துட்டா, கண்ணு நல்லானாலும் அந்தப் பேரு போகாது டீச்சர். பொறவு யாரு என்னை நம்பிப் பிள்ளைய ஏத்துவா?”

“செல்விக்காவுக்குத் தெரியுமா?” அவருடைய சம்சாரத்தைப் பற்றித்தான் கேட்டேன்.

“அவளுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே சாவியைப் புடுங்கிருவா.”

நான் கையை நீட்டினேன்.  அவர் சட்டைப் பையைத் தடவி, சாவியை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார்.  வீட்டுக்காரர் உள்ளே போய், காலையில் வேனை ஓட்டித் தரச் சொல்லி, தொழிற்சாலை லொறியின் பதில் டிரைவருக்குப் போன் எடுத்தார். சாவியை நான் காலண்டர் ஆணியில் மாட்டினேன்.

செல்விக்காவிடம் அன்றைக்கே போய்ச் சொன்னோம். தேயிலைக் கொழுந்து பறிக்கிற கை. அடித்துவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன். அடிக்கவில்லை. லயத்து வாசலில் நின்று, “காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்கு அஞ்சு நிமிஷம் பிந்தினா நான் அத்தனை பேருக்கு முன்னால ஏச்சு வாங்குறேன். நீ பதினாலு பிள்ளைகளை ஏத்திக்கிட்டுக் கண்ணு தெரியாம போயிருக்க. உன்னை ஏச ஒரு ஆள் இல்லாம போச்சே!” என்றார். பிறகு உட்கார்ந்து அழுதார். மணியண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை பிள்ளைகள் ஏறுகிற இடத்தில் நான்தான் பெற்றோரிடம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதாக இருந்தேன். ‘அண்ணனுக்குக் காய்ச்சல்’ என்று தொடங்கவும் செய்தேன். பழக்க தோஷம்! மணியண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

“காய்ச்சல் இல்லைங்க. எனக்குக் கண்ணு மங்கிருச்சு. அஞ்சாறு மாசமா மறைச்சு ஓட்டினேன். உங்க பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாதது சாமி புண்ணியம். மன்னிச்சுக்கங்க.”

எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. ஒரு தகப்பன் வாய்க்கு வந்தபடி ஏசினார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அன்றிலிருந்து பஸ்ஸில் போகிறார்கள். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. மற்றவர்கள் பிள்ளைகளை ஏற்றினார்கள். பதில் டிரைவர் ஓட்டினார். மணியண்ணன் லயத்துக்குத் திரும்பி நடந்தார்.

புதுவருஷம் கழிந்து ஆஸ்பத்திரியில் திகதி கிடைத்தது. புரை. வலது கண் முதலில், அதில்தான் முற்றியிருந்ததாம். உள்ளே வில்லை வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். நானும் விடவில்லை, அதே சாக்கில் என் கண்ணையும் சோதித்துக்கொண்டேன். என் கண்ணின் பவர் மாறி மூன்று வருஷமாம். மூன்று வருஷமாகப் பிள்ளைகளிடம் ‘எழுத்தைப் பெரிதாக எழுதிப் பழகுங்கள்’ என்று நான் ஏன் ஏசிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வைகாசி பிறந்துவிட்டது. யாத்திரைக் காலம் முடிந்து சிவனொளிபாத மலை விளக்குகளை அணைத்துவிட்டார்கள். பகல் முழுக்க மழை. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு அரைமணி நேரம் வானம் திறந்தது. மணியண்ணன் வந்தார். கையில் ஒரு கடிதம். கண் டாக்டர் எழுதியது. பார்வை சரி, வாகனம் ஓட்டலாம். மற்றக் கண்ணுக்கு ஆடியில் வர வேண்டும்.

எழுத்து எல்லாம் சரியாக இருந்தது. முத்திரை இருந்தது. ஆனால் காலண்டர் ஆணியிலிருந்து சாவியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கண்ணைப் பற்றி டாக்டர் சொல்லிவிட்டார். மறைக்கிற பழக்கத்தைப் பற்றி யார் சொல்வது?

வெளியே வந்தேன். வசிஷ்டர் இப்போது மலைக்கு நல்ல உயரத்தில். மூட்டம் இல்லை. அதை நானே இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

“மணியண்ணே, அந்தா… அருந்ததி தெரியுதா?”

அவர் கழுத்தை வளைத்துப் பார்த்தார். அவசரப்படவில்லை. இடக் கண்ணைப் பொத்திப் பார்த்தார், கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். வீட்டுக்காரர் பிளேன்டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார்.  தெரியுது என்று சொல்லிவிடுவாரோ?

“பெரிசு நல்லா தெரியுதுங்க டீச்சர்” என்றார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.

“சின்னது தெரியல.”

நான் உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

எனக்கா? புதுக் கண்ணாடி போட்டும் அருந்ததி இன்னும் தெரியவில்லை — இதை ஒரு எழுத்து மாற்றாமல் போடும்படி பத்திரிகை ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.